மிஸ்ஸி சௌந்தரம் எங்களை விற்கவில்லை

சென்ற வாரம் ஒரு காலையில், சுங்கை பட்டாணியில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்கள் எல்லோரையும் போல நானும் முதலில் மரண அறிவிப்புகளைத்தான் பார்ப்பேன். ‘காலஞ்சென்ற பெரிய கிராணியார் சபாபதி அவர்களின் அருமைத் துணைவியார் சௌந்தரம் அம்மாள் குருணில் இறைவனடி சேர்ந்தார். இன்று பிற்பகல் தகனம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். யாரோ கிராணி வீட்டு அம்மாள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரு வாய் தேநீர் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. அது எங்கள் மிஸ்ஸி.

‘பெரிய கிராணியாரின் அருமைத் துணைவியார்.’ அந்த மனிதரின் வீட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து, அந்தப் பெயரில் அவரை யாராவது கூப்பிட்டால் மிஸ்ஸி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். செத்த பிறகு திரும்பிப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் அச்சடித்துவிட்டார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் குருண் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களுக்காகவும் எழுதுகிறேன், ஏனென்றால், எங்கள் தோட்டத்தில் அவரை அறிந்தவர்கள் அறிந்துவைத்திருப்பது பெரும்பாலும் தவறு.

சிடாம் கிரிப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நான் அங்கே தமிழ்ப் பள்ளி வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சௌந்தரம் அம்மையார் நர்ஸ். நர்ஸை மிஸ்ஸி என்றுதான் எங்கள் நாட்டில் கூப்பிடுவோம். பினாங்கில் படித்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சபாபதி அவருடைய கணவர். பிள்ளைகள் இல்லை. மாலையில் இருவரும் சேர்ந்து ஸ்டோர் பாதையில் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல மிஸ்ஸி சிரித்துக்கொண்டே போவார்கள். அந்தச் சிரிப்பையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அது இல்லாமல் பின்னால் நடந்தது புரியாது.

மிஸ்ஸியிடம் போய்க் “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் மருந்து கிடைக்காது. “காய்ச்சல்னு வந்து நிக்காதீங்க. எப்ப வந்துச்சு, எப்ப விட்டுச்சு, விட்டப்ப வேர்த்துச்சா, அதச் சொல்லுங்க” என்பார்கள். சொல்லி முடிக்கும்வரை கேட்பார்கள். பிறகு படுக்கச் சொல்லி, இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் அது இறங்கி வந்து விரலில் முட்டும். மலேரியா பழசாகிவிட்டது என்று பொருள். கீழ் இமையை இழுத்துப் பார்த்து உள்ளே வெளுத்திருந்தால், வெறுங்காலோடு காட்டுக்குப் போகிறாயா என்று கேட்டுக் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். எல்லாக் காய்ச்சலையும் மலேரியா என்று சொல்லிக் கொய்னா கொடுத்து அனுப்புவது அப்போதெல்லாம் தோட்டங்களில் வழக்கம். அவர் அப்படிச் செய்யவில்லை. என் பள்ளிப் பிள்ளை ஒருவனின் காய்ச்சலுக்குக் காரணம் காதுக்குள் இருந்த சீழ் என்று கண்டுபிடித்தபோது, அவனுடைய அப்பா நம்பாமல் சிரித்தார். மிஸ்ஸி சிரிக்கவில்லை, விட்டிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார்கள்.

யுத்தம் வந்தது. மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்த வெள்ளைக்கார டாக்டரும் துரையும் காரில் தெற்கே போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. போகும்போது மருந்து அலமாரியில் நல்லதாக இருந்ததையெல்லாம் எடுத்துப் போயிருந்தார். மிஸ்ஸி தனியாக நின்றார்கள்.

அரிசி நின்று மரவள்ளிக் கிழங்கு வந்தது. கால் வீங்கியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். மிஸ்ஸி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுப்பார்கள். குழி அப்படியே நிற்கும். பெரிபெரி என்று சொல்லி, கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மில்லிலிருந்து தவிடு வாங்கி வரச் செய்து, வறுத்து, கருப்பட்டி கிடைத்தால் கலந்து உருட்டிக் கொடுத்தார்கள். மாட்டுத் தீனி என்று முகம் சுளித்தவர்கள் நடக்க ஆரம்பித்த பிறகு தாங்களே கேட்டு வாங்கினார்கள். ஆறாத புண்ணுக்கு உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தஞ்சோங் டாவாய் மீன்காரர்களிடம் பழந்துணிக்கு உப்பை மாற்றி வாங்கினார்கள். மலேரியாவுக்குத்தான் வழியில்லை. நிலவேம்புக் கஷாயம் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே, “இது சூட்டத் தணிக்கும். மலேரியாவக் கொல்லாது. கொய்னா வர்ற வரைக்கும் இதுதான் நம்ம கையில இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். இல்லாத சக்தியை எந்த மருந்துக்கும் அவர் ஏற்றிச் சொன்னதில்லை. அதனால்தான் அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம்.

அதன் பிறகு சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். முதல் கூட்டம் சம்பளம், அரிசி, துணி என்ற பேச்சை நம்பித் தானாகப் போனது. யாரும் திரும்பவில்லை. ஒரு செய்தியும் வரவில்லை. அடுத்து ஆள் பிடிக்க வந்தபோது ஆண்கள் பகலில் லயத்து வீடுகளில் தங்குவதையே விட்டுவிட்டோம். தோட்டத்தின் பழைய பகுதியில், பால் வெட்டாமல் காடாகிக் கிடந்த மரங்களுக்குள் ஒளிந்திருப்போம். பெண்கள் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து தருவார்கள். அங்கே கொசு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குளிரில் உதறினோம். எனக்கும் வந்தது. என்னோடு ஒரே சாக்கில் படுத்திருந்த மாரிமுத்துவுக்கும் வந்தது. மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவர், நல்ல பாட்டுக்காரர். அவருக்கு அஞ்சலை என்று மனைவி, பாக்கியம் என்று ஒரு பெண் குழந்தை.

அந்தச் சமயத்தில்தான் மிஸ்ஸி பெண்களிடம் சொல்லி அனுப்பினார்கள். கொய்னா வரப்போகிறது. பெரிய கிராணியே சுங்கை பட்டாணிக்குப் போய் ஜப்பான் அதிகாரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். நோயாளிகளை நேரில் பார்த்தால்தான் கொடுப்பேன் என்று அதிகாரி சொல்லியிருப்பதால், காய்ச்சல் உள்ள எல்லோரும் ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சிலர் தயங்கினார்கள். மிஸ்ஸி அவர்களே பழைய பகுதிவரை நடந்து வந்தார்கள். எங்கள் முன்னால் நின்று, “இப்படியே விட்டா உங்கள்ல பாதிப்பேரு இந்த மரத்தடியிலயே போயிடுவீங்க. நான் சொல்றேன், வாங்க” என்றார்கள். பிடித்துப் போய்விடுவார்களோ என்று மாரிமுத்து கேட்டார். அதைத் தன் கணவரிடம் தானும் கேட்டதாகவும், ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளியைத் தொடமாட்டோம் என்று அதிகாரி வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் சொன்னதாகவும் மிஸ்ஸி சொன்னார்கள். மாரிமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நீளப் பெஞ்சுகள். மிஸ்ஸி ஒவ்வொருவரையும் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இமையை இழுத்துப் பார்த்துப் பிரித்தார்கள். முற்றிப்போனவர்கள் வலப்பக்கம், அவர்களை வார்டில் வைத்து முழு மருந்தும் கொடுக்க வேண்டும். தேறிவிடக்கூடியவர்கள் இடப்பக்கம், அவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். “உங்களுக்கு மண்ணீரல் கொஞ்சமாத்தான் எறங்கியிருக்கு, வாத்தியார் தம்பி. நல்லாயிடும்” என்று சொல்லி என்னை இடப்பக்கம் அனுப்பினார்கள். மாரிமுத்துவும் இடப்பக்கம்தான். எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

கொய்னா உண்மையாகவே வந்தது. அதை மறைக்கக் கூடாது. அதிகாரியும், காக்கி உடுத்திய ஒரு மொழிபெயர்ப்பாளரும், பெரிய கிராணி சபாபதியும் ஒன்றாக வந்தார்கள். ஒரு பெரிய தகர டப்பாவைத் திறந்து மிஸ்ஸியிடம் நீட்டினார்கள். மிஸ்ஸியின் முகம் மலர்ந்தது. எங்கள் ஒவ்வொருவர் நாக்கிலும் மாத்திரையைத் தன் கையால் வைத்து, குவளைத் தண்ணீரை ஊற்றினார்கள். நெடுநாள் கிடைக்காத கசப்பு அது. விழுங்கிவிட்டுச் சிலர் சிரித்தோம்.

ஸ்டோருக்குப் பின்னாலிருந்து லாரிகள் வந்தது அப்போதுதான். சிப்பாய்கள் குதித்து வராந்தாவைச் சுற்றி நின்றார்கள். இடப்பக்கத்துப் பெஞ்சு எழுந்து லாரியில் ஏற வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மிஸ்ஸிக்கு முதலில் விளங்கவில்லை. இவர்கள் நோயாளிகள், வீட்டுக்குப் போகிறவர்கள் என்று சொன்னார்கள். வேலைக்குத் தகுந்தவர்களை நர்ஸே பிரித்துக் கொடுப்பார் என்று பெரிய கிராணி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரே என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மிஸ்ஸி தன் கணவரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லித்தான நான் இவங்களக் கூப்பிட்டேன்.”

“ஆள் கொடுக்கலன்னா உன்னக் கொண்டு போயிருப்பாங்க, சௌந்தரம். சயாம் ஆஸ்பத்திரிக்கு நர்சு கேட்டாங்க.”

“என்னக் கேட்டிருக்கலாமே. நான் போறேன்னு சொல்லியிருப்பேனே.”

இந்தப் பேச்சை நான் லாரியின் ஓரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் காதால் கேட்டேன். பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். மிஸ்ஸி ஓடி வந்து லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறப் பார்த்தார்கள். தானும் வருவதாகத் தமிழிலும் மலாயிலும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்துத் தள்ளினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவர் எழுந்திருக்கும் முன் லாரி நகர்ந்துவிட்டது. எங்கள் லாரியில் இருந்தவர்களில் பலர் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இதைப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், மிஸ்ஸி கூப்பிட்டார்கள், மிஸ்ஸி தொட்டுப் பார்த்தார்கள், மிஸ்ஸி இந்தப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள் என்பதுதான்.

சயாமில் நாங்கள் பட்டதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸியைப் பற்றிய கட்டுரை என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாரிமுத்துவின் கணுக்காலில் மூங்கில் கிழித்த காயம் புண்ணாகி, நாளுக்கு நாள் அகன்று, எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் எங்கிருந்தோ கொஞ்சம் உப்புத் தேடி, தகரத்தில் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்துக் கழுவினேன். இரண்டு மூன்று முறை கழுவியதில் நாற்றம் குறைந்தது. அவருக்கே தெரிந்தது. யார் சொல்லிக்கொடுத்த வைத்தியம் என்று கேட்டார். மிஸ்ஸி என்றேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“வேணாம் வாத்தியாரே. அவ கையால தின்ன மாத்திரையே போதும்.”

நான் பார்த்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காலை மட்டும் நீட்டவில்லை. மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனார். அந்தப் புண் ஆறியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அவரைக் கொன்றதில் புண்ணுக்குப் பாதிப் பங்குதான்.

யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பினேன். திரும்பியவர்களைக் கையால் எண்ணிவிடலாம். முதலில் அஞ்சலையிடம் போய் மாரிமுத்துவின் முடிவைச் சொன்னேன். பிறகு லாரி புறப்பட்ட காலையில் நான் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். மிஸ்ஸிக்கு ஒன்றும் தெரியாது, அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள் என்றேன். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே பாயில படுத்தவளுக்குத் தெரியாமலா, வாத்தியாரே? உங்களுக்கு நல்ல மனசு. அதனால நம்புறீங்க.”

தோட்டம் முழுக்க அதே பேச்சுத்தான்.

நான் இல்லாத காலத்தில் நடந்ததைக் கொஞ்சம் மற்றவர்களும் கொஞ்சம் மிஸ்ஸியும் சொல்லித் தெரிந்துகொண்டேன். லாரி போன அன்றைக்கே மிஸ்ஸி கிராணி வீட்டை விட்டு வெளியேறி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையில் தங்கிவிட்டார்கள். தோள் எலும்பைத் தானே கட்டிக்கொண்டார்கள். அது கோணலாகப் பொருந்தி, இடக்கை பிறகு எப்போதும் தோளுக்கு மேல் எழவில்லை. வலப்பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களையும் வீட்டார் தூக்கிப்போய்விட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. காய்ச்சலில் துடிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். அங்கே போனால் சயாம்தான் என்று பயம். காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. மிஸ்ஸி லயம் லயமாக நடந்தார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன.

அஞ்சலையின் மகள் பாக்கியத்துக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார்கள். கதவு திறக்கவில்லை. வெளியே நின்று பலகைச் சுவரோடு வாயை வைத்துக் கேள்வி கேட்டார்கள். அஞ்சலை வாயே திறக்கவில்லை. குழந்தை பதில் சொன்னது.

“கழுத்தக் குனிஞ்சு நெஞ்சத் தொட முடியுதாம்மா?”

“முடியுது.”

“காலைல குளிருச்சா?”

“ம். இப்ப வேர்க்குது.”

“மூத்திரம் என்ன நெறம்?”

“டீத்தண்ணி மாதிரி.”

மூளைக் காய்ச்சல் இல்லை, மலேரியாதான் என்று மிஸ்ஸிக்குத் தெரிந்துவிட்டது. மருந்து வேண்டும். அந்தத் தகர டப்பாவில் மிஞ்சிய கொய்னா முழுவதையும் அந்த ஜப்பான் அதிகாரி, சபாபதிக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இனி மிதிக்க மாட்டேன் என்று விட்டு வந்த வாசலில் போய் நின்று மிஸ்ஸி கேட்டார்கள். அவர் ஒரு கைப்பிடி கொடுத்தார். குழந்தையின் வயதுக்கு எத்தனை, எப்போது என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து உரக்கச் சொல்லிவிட்டு, மாத்திரையை இலையில் மடித்துக் கதவடியில் வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் அங்கே அது இல்லை. குழந்தை பிழைத்தது. கதவு திறக்கவில்லை.

மீதிக் கொய்னாவைச் சபாபதி என்ன செய்தார்? லேசாகக் குளிர்ந்தால் ஒன்று போட்டுக்கொள்வார். குளிர் விட்டதும் நிறுத்திவிடுவார். முழு அளவில் ஒரு முறையும் சாப்பிடவில்லை. அப்படி விட்டு விட்டுச் சாப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு என்று மிஸ்ஸி முன்பே எச்சரித்திருந்தார்களாம். ஒருநாள் அவருடைய சிறுநீர், பால் கலக்காத காப்பி ஓ நிறத்தில் இறங்கியது. உடம்பு மஞ்சள் பூத்தது. கருநீர்க் காய்ச்சல். பிழைப்பவர்கள் குறைவு.

மிஸ்ஸி போனார்கள். கொய்னாவை உடனே நிறுத்தி, கட்டிலை விட்டு அசையவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டி, ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைக் கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபடி அவரோடு இருந்தார்கள். ஏன் போனீர்கள் என்று நான் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். தோட்டத்தில் தன்னை உள்ளே வரவிட்ட ஒரே நோயாளி அவர்தான் என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கருமை தெளிந்து, அவர் பிழைப்பார் என்று தெரிந்த அன்று மிஸ்ஸி ஒன்றே ஒன்று கேட்டார்கள். காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, மிஸ்ஸிக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

“எழுந்து நடந்ததும் மொத வேலையாச் சொல்றேன், சௌந்தரம். சத்தியமா” என்றாராம்.

அவர் எழுந்து நடந்தார். பெரட்டுக்கு வந்தார். பெயர் கூப்பிட்டார். ஆபீசுக்குப் போய்விட்டார். மிஸ்ஸி களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாளும் போய் நின்றார்கள். அதற்கடுத்த நாளும். பிறகு போவதை நிறுத்திக்கொண்டார்கள். அவருக்குப் பணிவிடை செய்ததைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் செய்தார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் புதுத் துரை ஒரு விசாரணை வைத்தார். சபாபதி உள்ளே போய், ஆட்களைப் பரிசோதித்துப் பிரித்தது நர்ஸ், எனக்கு வைத்தியம் தெரியாது என்று சொன்னார். அவர் சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. நான் சாட்சி சொல்லப் போனேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லத் தயாராக இருந்தேன். துரை ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த நர்ஸ்தான் உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னாரா? ஆமாம் என்றேன். அடுத்து நான் சொல்ல வந்ததைக் கேட்க அவருக்கு நேரமில்லை. மிஸ்ஸியைக் காப்பாற்றப் போன என் வாயிலிருந்தே, விசாரித்தவர்கள் தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே மிஸ்ஸிக்கு வேலை போயிற்று. சபாபதி பெரிய கிராணியாகவே இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, கோயில் மண்டபத்துக் கல்லில் பெயரும் பொறித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவரை நான் மரியாதை குறைக்காமல் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மிஸ்ஸி கடைசிவரை அப்படித்தான் குறிப்பிட்டார்கள். அது அவர்களுடைய பண்பு; எனக்கு அதில் சம்மதம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மிஸ்ஸி குருணுக்குப் போனார்கள். காதர் பாய் என்ற மளிகைக்கடைக்காரர் கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கே பிரசவம் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சளி, சொறி சிரங்கு, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். தன்னால் முடியாததை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தமிழ், மலாய், சீனத் தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள். அறையில் ஒரே ஒரு பெஞ்சுதான். கூட்டம் அதிகமாகி இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று காதர் பாய் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். நிற்பவர்கள் நிற்கட்டும் என்றுவிட்டார்கள். யாரையும் தொடுவதற்கு முன்னால், எங்கே தொடப் போகிறேன், எதற்காக என்று சொல்வார்கள். பிறகு, “நான் பாத்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்” என்பார்கள். பழகியவர்களுக்கு அது ஒரு வழக்கமான பேச்சு. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த வராந்தாதான் நினைவுக்கு வரும்.

எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் யாரும் அந்த அறைக்கு வந்ததில்லை. வேறு வழியில்லாமல் குருணுக்கு வந்தால்கூடச் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்து போவார்கள். மிஸ்ஸி அவர்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். நடையைப் பார்த்தே இவருக்கு ரத்தம் குறைவு, இவருக்கு மூட்டு போய்விட்டது என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்கள். கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுவது என்பதையே அவர்கள் விட்டுவிட்டார்கள்.

சென்ற தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது, இருதயம் தளர்ந்துவிட்டது, அதிக நாள் இல்லை என்று வேறொருவரின் நோயைச் சொல்வதுபோல் சொன்னார்கள். டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், இவ்வளவு காலமாகிவிட்டதே, மனதில் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஆனால் அவர்கள் கோபப்படவில்லை.

“நான் போனதும், எல்லாரையும் மன்னிச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க தம்பி. அவங்களுக்கு அது சுலபம்லா. நீங்க இருந்தா, இல்லன்னு சொல்லுங்க. அவரையும் மன்னிக்கல. கதவச் சாத்துனவங்களையும் மன்னிக்கல. கோபம் இல்ல. ஆனா மன்னிக்கல.”

பிறகு என் நாடியைப் பிடித்துப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

குருண் சுடுகாட்டில் நல்ல கூட்டம். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். காதர் பாயின் மகன் கடையை அடைத்துவிட்டு வந்து ஓரமாக நின்றார். எங்கள் தோட்டத்திலிருந்தும் வயதான சிலர் வந்திருந்தார்கள். சபாபதியின் அண்ணன் மகன் சடங்குகளைச் செய்தார். கொள்ளி வைப்பதற்கு முன் நாலு வார்த்தை பேசினார். சித்தி பொறுமையின் வடிவம், சித்தப்பாவின் பெயருக்கு ஒரு குறையும் வராமல் வாழ்ந்தவர், யார்மீதும் மனக்குறை இல்லாமல் எல்லோரையும் மன்னித்துவிட்டு நிறைவாகப் போயிருக்கிறார் என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். இந்த வயதில் என் குரல் எழாது என்று நினைத்திருந்தேன்; எழுந்தது. சயாமுக்குப் போன லாரியில் இருந்தவன் நான் என்றேன். மிஸ்ஸிக்குத் தெரியாமல் அவருடைய கணவர் செய்த ஏற்பாடு அது என்றேன். பெரட்டுக் களத்தில் அதைச் சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு அவர் சொல்லவில்லை என்றேன். மிஸ்ஸி யாரையும் மன்னிக்கவில்லை, அப்படிச் சொல்லச் சொன்னதே அவர்கள்தான் என்றும் சொன்னேன். அண்ணன் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் தோட்டத்து அம்மாள் ஒருவர், என் பழைய மாணவி, பக்கத்தில் வந்து, “செத்த வீட்ல இதெல்லாம் எதுக்கு, வாத்தியாரே” என்று மெதுவாகச் சொன்னார்.

நெருப்பு பற்றி எழுந்தது. ஜெராய் மலைப் பக்கமிருந்து காற்று அடித்து, புகை கூட்டத்தின் மேல் சாய்ந்தது. சிலர் விலகி நின்றார்கள், பலர் அப்படியே நின்றார்கள். கண் எரிகிற வரைக்கும் நானும் நின்றேன்.

மிஸ்ஸி, சுடுகாட்டில் அவர்கள் சொன்னதை நம்பிப் போய்விடாதீர்கள். நீங்கள் மன்னிக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன், இப்போது எழுதியும்விட்டேன். போய் வாருங்கள்.